கேடயத்துக்கு இந்தப் பக்கம்

உக்காருங்கண்ணே. அந்தப் பாறை மேல வேண்டாம், சுடும். இப்படி வேங்கை நிழலுக்கு வாங்க. உளி, சுத்தியல் எல்லாம் இறக்கி வைங்க, யாரும் எடுக்க மாட்டாங்க. இன்னைக்கு இந்த ஊர்ல யாருக்கும் எதையும் எடுக்கத் தோணாது. அரசி செத்துக் கிடக்குறா.

நான்தான் பூதி. நான்தான் உங்களுக்கு ஆள் அனுப்பினேன். அரசி எயினியோட கேடயக்காரி. கேள்விப்பட்டிருப்பீங்களே? இல்லையா? ரெண்டு மலை தாண்டி இருக்கீங்க, அப்பவும் கேள்விப்பட்டிருக்கணுமே! சரி விடுங்க. கல்லு கொத்துறவங்களுக்கு கல்லு சத்தம்தான் கேக்கும்.

மடியில வாள் எதுக்குன்னு பாக்குறீங்க. பொழுது சாயறதுக்குள்ள நான் உள்ள போயி இதால அரசி நெஞ்சுல ஒரு வெட்டு வெட்டணும். அட, எந்திரிக்காதீங்க! செத்தவளைத்தான். உங்க பக்கம் இந்த வழக்கம் இல்லியா? எங்க வேங்கைப்பொறையில உண்டு. ஆளுறவங்க சண்டையில சாகாம பாயில செத்துட்டா, புல்லுப் பரப்பிக் கிடத்தி, வாளால நெஞ்சக் கீறி, "வீரர் போற இடத்துக்குப் போ"ன்னு அனுப்பி வைக்கணும். ஏற்கெனவே நெஞ்சுல சண்டைக் காயம் ஒண்ணு இருந்தா அது வேண்டாம். ஒண்ணுமே இல்லாத உடம்புன்னா வெட்டியே ஆகணும். அப்பத்தான் நடுகல்லு. இல்லேன்னா எல்லாரையும் போல தாழியில வைச்சுப் புதைச்சிட்டு அவங்கவங்க வீட்டுக்குப் போயிருவாங்க. நாலு மழை பெய்ஞ்சா இங்க ஒருத்தி ஆண்டிருந்தான்னே தெரியாது.

வெட்ட வேண்டியது யாருன்னா, சண்டையில கூட நின்னவங்க. அதாவது நான்.

அதோ முரசு கிடத்துற கட்டில் பக்கத்துல குந்தியிருக்காரே, பல்லு இல்லாத பெரியவர், அவர்தான் அழிசி. அவைக்கு மூத்தவர். காலையில இருந்து மூணு தடவ வந்துட்டாரு. "ஆச்சா பூதி?" "ஆகும்." "வாள் துருப்பிடிச்சிரும் போலயே?" "துருப்பிடிச்சா தீட்டிக்குவேன், நீங்க போயி வெத்தலை இடிங்க"ன்னு அனுப்பிட்டேன்.

எப்படிண்ணே வெட்டுறது? நீங்களே சொல்லுங்க. பதினெட்டு வருசம் அந்த உடம்புல ஒரு கீறல் விழாம பாத்தவ நான். இந்தக் கையப் பாருங்க. இது ஈட்டி. இது கவண்கல்லு. இந்த ரெண்டு விரல் எங்கன்னு கேட்டீங்கன்னா அது ஆத்தங்கரை மணல்ல எங்கயோ கிடக்கு. தொடையில ஒரு அம்பு வாங்கினேன், அதக் காட்ட முடியாது, நீங்க ஆம்பளை. அவளுக்கு வந்தது அத்தனையும் எனக்கு. அவளுக்கு ஒண்ணு கிடையாது! ஒண்ணே ஒண்ணு கிடையாது! சந்தையில நின்னு சொல்வேன், "எங்க அரசி உடம்புல ஒரு தழும்பு காட்டுங்கடா பாப்போம்"னு. இப்ப என்னையே கூப்பிட்டு வெட்டுங்கிறாங்க. கோலம் போட்டவளையே கூப்பிட்டு மிதிக்கச் சொன்ன மாதிரி இருக்கு.

இருங்க, கல்லுல எப்படிக் கொத்தணும்னு முதல்ல சொல்லிடறேன், அப்புறம் மறந்துருவேன். உயரமா கொத்துங்க. நெசத்துல குள்ளம்தான், என் தோளுக்கு வருவா, ஆனா குதிரை மேல பாத்தவன் எவனும் குள்ளம்னு சொன்னதில்ல. மூக்கு கொஞ்சம் பெருசு. சிரிக்கிற மாதிரி வேண்டாம். சிரிக்க மாட்டா. அதாவது முன்னாடியெல்லாம் சிரிப்பா. அவளுக்கு இடது பக்கம், ஓரமா, நான். பெருசா வேண்டாண்ணே, அவ முழங்கால் உயரம் போதும். முகம் கூட சரியா வரலேன்னா பரவாயில்ல. கேடயம் மட்டும் நல்லா வட்டமா இருக்கட்டும். எனக்குப் புள்ளை குட்டி கிடையாது. கல்லுல ஓரமா நின்னாத்தான் உண்டு.

சத்தியம் பண்ணி வாங்கின கேடயம் இது. பதினாறு வயசுல, முரசு மேல கைய வைச்சு. "அரசி நெஞ்சுல காயம் பட்டா, இந்தக் கேடயத்த ஆத்துல விட்டுட்டு ஊர விட்டுப் போயிருவேன். திரும்பி வர மாட்டேன். யாரும் எனக்குத் தண்ணி தரக் கூடாது." எனக்கு முந்தி இருந்தவன் அப்படித்தான் போனான். அவளோட அப்பா நெஞ்சுல ஈட்டி வாங்கினன்னிக்கி. பொண்டாட்டி கரையில நின்னு கத்துறா, அவன் திரும்பிக் கூடப் பாக்கல. ஒரு சொட்டுத் தண்ணி கொடுக்க ஆளில்ல. நானும் எயினியும் பாத்துட்டு நின்னோம். அவ அழுதா. நான் அழல. நான் அப்பவே நினைச்சுக்கிட்டேன், நமக்கு இப்படி ஆகாதுன்னு.

அந்த ஈட்டியிலதான் அவளோட அப்பா போனாரு. இவளுக்குப் பத்தொம்பது வயசு. அண்ணன்காரன் ஒருத்தன் இருந்தான், கீழ்நாட்டு ராசா படை திரட்டுறான்னு கேட்டதும் தேன் எடுக்கப் போறேன்னு காட்டுக்குள்ள போனவன்தான், இன்னைக்கு வரைக்கும் எடுத்துட்டிருக்கான். அவையில உக்காந்து பெரியவங்க முனகுறாங்க, பொம்பளைக்கு முரசு அடிக்கிறதான்னு. இவ எந்திரிச்சு, "சரி, அடிக்க வேண்டாம். நான் முன்னாடி நடக்கிறேன். பின்னாடி யாரு வரீங்களோ வாங்க. வராதவங்க என் அண்ணனுக்குத் தேன் சட்டி தூக்குங்க"ன்னா! அழிசிப் பெரியவருக்கு அப்ப பல்லு இருந்துச்சு, அத்தனையும் காட்டிச் சிரிச்சாரு. அவரே குச்சிய எடுத்து அடிச்சாரு.

முதல் சண்டை மாட்டுச் சண்டை. கீழ்நாட்டான் ஓட்டிட்டுப் போன எரநூறு மாட்டையும் திருப்பிட்டு வந்தா. எரநூறுன்னா எரநூத்தி ஒண்ணு, வழியில ஒண்ணு கன்னு போட்டிருச்சு. அந்தக் கன்ன குதிரை மேல மடியில வைச்சு ஓட்டிட்டு வந்தா. ஊரே ஓடி வந்து அவ காலப் பிடிக்குது, கையப் பிடிக்குது. நான் கேடயத்த வைச்சுத் தள்ளிட்டேன். கூட்டத்துல எவன் கத்தி வைச்சிருக்கான்னு யாரு கண்டா? அன்னையில இருந்து அதுதான் வேலை. புள்ளைங்க ஓடி வரும் கட்டிப் பிடிக்க, நடுவுல நான். சோறு முதல்ல நான் தின்னு பாத்து, ஆறினப்புறம்தான் அவளுக்கு. பதினெட்டு வருசமா அவ சுடு சோறு தின்னதில்ல. கேலி பண்ணுவா, "பூதி, எனக்கு எதிரி கீழ்நாட்டான் இல்லடி, நீதான்"னு. நல்லா பேசுவா அப்பல்லாம்.

சுனையில ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் குளிப்போம். முதுகு தேச்சு விடுவேன். "மெதுவாடி, நான் மாடா?"ம்பா. "மாடு இவ்வளவு பேசாது"ம்பேன்.

அதெல்லாம் மூங்கில்பள்ளம் சண்டை வரைக்கும். பதினோரு வருசம் ஆச்சு. அங்கதான் எனக்கும் அவளுக்கும் ஒரு மனத்தாங்கல். செத்தவளைப் பத்திச் சொல்லக் கூடாது. சொல்றேன்.

மழை. சேறு. கீழ்நாட்டான் ஆளுங்க மூங்கிலுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்காங்க. நாங்க ரெண்டு பேரும் பள்ளத்துல மாட்டிக்கிட்டோம். எனக்குத் தொடையில அம்பு, நின்னுட்டேன். அடுத்து ஒரு கவண்கல்லு, இதோ நெத்திப் பொட்டுல. அப்பவும் நான் விழலண்ணே. விழுந்தேன்னு சொல்றவன் பொய் சொல்றான். உக்காந்தேன். ஒரு கண்ணு மூடித் திறக்கிற நேரம். திறந்து பாத்தா என் கேடயம் என் கையில இல்ல! அவ கையில இருக்கு. என் மேல கவுத்துப் பிடிச்சுக்கிட்டு, ஒரு காலை எனக்கு அந்தப் பக்கம் போட்டு, என் மேல நிக்கிறா, சட்டியில மூடி போட்ட மாதிரி! எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். அரசியானாலும் கேடயக்காரி கேடயத்தத் தொடலாமா? பிடுங்கினேன். "இனிமே தொட்டீங்கன்னா நல்லா இருக்காது"ன்னேன். அவ வெளுத்துப் போயி நின்னா. பயந்துட்டான்னு நினைச்சேன். ரெண்டு பேர் மேலயும் என் ரத்தம்தான், மழையில வழியுது.

அந்தச் சண்டையும் செயிச்சோம். ஊருக்கு வந்ததும் அவ தானியக் கொட்டாரத்துல போயி உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கிட்டா. பத்து நாள்! வேப்பிலை கேட்டா, மஞ்சள் கேட்டா, தையல் ஊசி கேட்டா, காயம் பட்டவங்களுக்குப் போடுற வெண்கடுகு புகை போட்டா. எனக்காகத்தான் வேண்டிக்கிட்டுப் போடுறான்னு சொன்னாங்க. நான் சுவத்துக்கு இந்தப் பக்கம், அடுத்த அறையில, தொடை வீங்கிக் கிடக்கேன், புகை போடுறவ ஒரு எட்டு வந்து பாக்கலாமில்ல? வரல. என் கேடயத்தப் பிடுங்கினதுக்கு நான் பேசினேன் பாருங்க, அது அவளுக்கு ரோசம்.

வெளிய வந்தப்போ வேற ஆளு. செவப்புத் துணி. நெஞ்சுல இருந்து இடுப்பு வரைக்கும் இறுக்கிச் சுத்தின செவப்புத் துணி. செயிச்சவங்களுக்கு வரும்ல ஒரு மிதப்பு, அதுன்னு நினைச்சேன். வெயில் காலத்துலயும் அதுதான். குளிப்பாட்டுற பொம்பளைங்களப் போகச் சொல்லிட்டா. சுனைக்குத் தனியாப் போவா. "நான் வரட்டுமா?"ன்னேன் ஒரு நாள். "வேண்டாம்"னா. "முதுகு?"ன்னேன். "எட்டும்"னா. எவளுக்குண்ணே தன் முதுகு எட்டும்? நான் பாறைக்கு இந்தப் பக்கம் திரும்பி உக்காந்திருப்பேன், காவலுக்கு. தண்ணி சத்தம் மட்டும் கேக்கும். பதினோரு வருசம். ஒரு நாள் கூட "பூதி இங்க வா"ன்னு கூப்பிடல.

நன்னாகன்னு ஒருத்தர். பக்கத்து மலைத் தலைவர். நல்ல மனுசன், காது மட்டும் பெருசு. அவர் வந்தாலே இவளுக்கு வேலை ஓடாது. "இந்த வேங்கை அடுத்த தடவை பூக்கட்டும், கல்யாணம்"னு பேசியாச்சு. இதே மரம்தான். நடுவுல மூங்கில்பள்ளம் வந்துச்சு. மரம் பூத்துச்சு. அவர் தேனும் தந்தமும் தூக்கிட்டு வந்து நிக்கிறாரு, இவ முடியாதுன்னுட்டா. ஏன்னு சொல்லல. அந்த மனுசன் இங்கதான், நீங்க உக்காந்திருக்கிற இடத்துல, நாள் பூரா உக்காந்திருந்தாரு. தலை மேல பூ விழுகுது, தட்டி விடக் கூட இல்ல. அப்புறம் எந்திரிச்சுப் போயிட்டாரு. எனக்கு உள்ளுக்குள்ள ஒரு பெருமை. நான்தான் முன்னாடி ஓதிட்டே இருந்தேன், வெளியூர்க்காரர நம்பாதீங்க, பக்கத்துல படுக்கிறவனுக்கு நான் எப்படிக் காவல் இருக்கிறதுன்னு. என் பேச்சக் கேட்டுட்டான்னு நினைச்சேன்.

இன்னொண்ணு கேளுங்க. இது எனக்கு இன்னும் ஆறல. அதுக்கு அடுத்த வருசம், அவை கூடியிருக்கு. திடீர்னு சொல்றா, "இந்தக் கேடயச் சத்தியத்த எடுத்துரலாம். காயம் பட்டா ஊர விட்டுப் போகணும்கிறது வேண்டாம். யாரு மேல தப்பு?"ன்னு. பெரியவங்களே பாதிப் பேர் சரின்னு தலையாட்டிட்டாங்க. அழிசிப் பெரியவர், "பூதி என்ன சொல்ற?"ங்கிறாரு. விடுவேனா? "எடுத்துட்டா இந்தக் கேடயத்துக்கு என்ன மதிப்பு? சோத்துச் சட்டிய மூடவா? அரசி மேல கீறல் பட்டா அந்த நிமிசம் நான் போறேன், அவங்க தடுத்தாலும் போவேன்"னேன். அவையே கையத் தட்டுச்சு! அவ மட்டும் என்னைப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. அப்புறம், "சரி, அப்படியே இருக்கட்டும்"னுட்டா.

அதுக்கப்புறம் அந்தி நேரமானா அந்த மொட்டைப் பாறையில போயி உக்காருவா. கூழாங்கல்லு பொறுக்கி ஒவ்வொண்ணா கீழ எறிவா. நான் பத்து அடி தள்ளி நிப்பேன். பேச்சு கிடையாது. ஏரி வெட்டினா, மூணு சண்டை செயிச்சா, கீழ்நாட்டான் மகனே வந்து கும்பிட்டுட்டுப் போனான். எல்லாம் நடந்துச்சு. சாயங்காலம் கல்லு எறியறதுதான் நிக்கல. சில பேருக்குத் தனியா இருக்கத்தான் பிடிக்கும்.

ஒம்போது நாள் குளிர் காய்ச்சல். துணிய மாத்தலாம்னு போனா ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுக்கிறா. பிரிக்க முடியல, அவ்வளவு பலம். கடைசி நாள் என்னைக் கூப்பிட்டா. "பூதி, கல்லு வேண்டாம். குளிப்பாட்ட வேண்டாம். இந்தத் துணியோட அப்படியே தாழியில வைச்சிரு. நீ யாரையும் தொட விடாத." காய்ச்சல்ல பேசுறா. கல்லு வேண்டாமாம்! பதினெட்டு வருசம் ஆண்டவளுக்குக் கல்லு வேண்டாமாம்! சரி சரின்னு தலையாட்டிட்டு, கண்ணு மூடின கையோட உங்களுக்கு ஆள் அனுப்பிட்டேன். என்ன, அவ சொல்ல மீறினது இது ஒண்ணுதான். நல்லதுக்குத்தானே? குளிப்பாட்ட மட்டும் யாரையும் விடல.

வராரு பாருங்க, நாலாவது தடவ. வரேன் பெரியவரே! வெயில் இன்னும் மரத்து மேலதான் இருக்கு! ...சரி. போறேன். ஒரே வெட்டு. துணிய விலக்கி, நெஞ்சுல, கட்டைவிரல் நீளம். அவ்வளவுதானே. நீங்க இங்கயே இருங்கண்ணே. கேடயத்தப் பாத்துக்குங்க.

•

தண்ணி இருக்கா? உங்க குடுவையில இருந்தாலும் பரவாயில்ல. கொடுங்க. இப்பவே குடிச்சுக்கிறேன். அப்புறம் கொடுக்க மாட்டாங்க.

வெட்டல.

துணி முடிச்சு அவிழ மாட்டேங்குது. பிரிச்சேன். இடது பக்கம், மாருக்குக் கீழ, நெஞ்சு விலா மேல. பழைய தழும்பு. ஈட்டி போன தழும்புண்ணே, எனக்குத் தெரியாதா? என் உடம்புல ஏழு இருக்கு. கோணல் மாணலாத் தையல். சாக்குப் பை தைக்கிற மாதிரி. ஒம்போது. குனிஞ்சு பாத்துக்கிட்டு, தானே குத்தி, தானே இழுத்து... வாயில துணிய வைச்சுக் கடிச்சிருப்பா. சத்தம் வெளிய வரல. நான் அடுத்த அறையில படுத்துக்கிட்டு, வந்து பாக்கலையேன்னு அவளத் திட்டிட்டிருந்தேன்.

இடது பக்கம். கேடயத்துக்கு இந்தப் பக்கம். என் பக்கம்ணே அது.

ஏமாத்திட்டா. பதினோரு வருசம் என்னை ஏமாத்திட்டா. சந்தையில நின்னு கத்தினேனே, ஒரு தழும்பு காட்டுங்கடான்னு. பின்னாடிதானே நின்னா. கேட்டுக்கிட்டுத்தானே நின்னா. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போயிருப்பேனே! ஆத்தத் தாண்டி எங்கயாவது ஆடு மேய்ச்சிருப்பேன். அந்தப் பெரிய காது மனுசனக் கட்டிக்கிட்டு இருந்திருப்பா. சுடு சோறு தின்னிருப்பா. முதுகு தேய்க்க யாராவது இருந்திருப்பாங்க. என்னை வைச்சுக்கிட்டு என்னத்தக் கண்டா? பத்து அடி தள்ளி நிக்கிற ஒருத்திய.

வாளை அந்தத் தழும்பு மேலயே வைச்சேன். உங்ககிட்ட மறைக்கல. அளவெடுத்த மாதிரி அதே நீளம். அதும் மேலயே ஒரு இழுப்பு இழுத்தா எவனுக்கும் தெரியாது. அவ ஆசைப்பட்டதும் அதுதானே? கல்லும் வரும், ஓரத்துல நானும் நிப்பேன். அழுத்தப் போனேன். அந்தத் தையல் பிரிஞ்சிருமேன்னு தோணுச்சுண்ணே. அவளே போட்ட தையல். அதைப் போயி எப்படிப் பிரிக்கிறது.

பெரியவரே! இங்க வாங்க! எல்லாரையும் கூப்பிடுங்க! வெட்டல, வெட்ட வேண்டாம். காயம் இருக்கு. ஆமா, நெஞ்சுலதான். சண்டைக் காயம்தான். மூங்கில்பள்ளத்துல பட்டது. உள்ள போயிப் பாருங்க. பாத்துட்டு முரசு அடிக்கச் சொல்லுங்க... என்ன அப்படிப் பாக்குறீங்க? தெரியும். சத்தியம் எனக்கும் ஞாபகம் இருக்கு. அவையில யாரு கத்தினான்னும் ஞாபகம் இருக்கு. நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். அழுதா வெத்தலை எச்சில் ஒழுகுது பாருங்க, தொடைச்சுக்குங்க.

அண்ணே, அந்தக் கேடயத்த எடுத்துக் கொடுங்க. ஆறு தூரமில்ல.

கல்லுல அந்தத் தழும்பு மறந்துராதீங்க. இடது பக்கம், ஒம்போது தையல், எண்ணிட்டேன். கோணலாவே கொத்துங்க. நல்லா இருக்கணும்னு நேராக்கிராதீங்க. உயரமா கொத்தச் சொன்னேன், வேண்டாம், அவ உயரத்துக்கே கொத்துங்க. மழை வந்தா அந்தக் குழியில தண்ணி நிக்கிற மாதிரி ஆழமா கொத்துங்க.

என்னது? ஓரமா எனக்கு விட்ட இடத்துல என்ன கொத்துறதா?

ஒண்ணும் வேண்டாண்ணே. அப்படியே விட்ருங்க. பக்கத்துல யாரும் இல்லாமத்தான் இருந்தா.